தாழ்ந்த திடல்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? கூலிமில் நான் நலம்.

மழைநீர் வீடுகளுக்குள் புகாமல் தேங்கி நிற்கட்டும் என்று, இந்தக் குடியிருப்பின் பந்துத் திடலைத் தாழ்த்தி வடிவமைத்தேன் அல்லவா? சனிக்கிழமை காலை அது நிரம்பியது. ஒரு வீடும் நனையவில்லை. ஆனால் எச்சரிக்கைப் பலகை வைக்க மறந்துவிட்டேன். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் பதினொரு மோட்டார் சைக்கிள்களைத் திடலில் நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். பதினொன்றும் மூழ்கிவிட்டன.

“கட்டில் காஞ்சிருக்கு, மோட்டார் முங்கிருச்சு. உன்ன எப்படித் திட்டுறதுலா?” என்றார் பக்கத்து வீட்டு அழகம்மா அக்கா. திட்டிவிட்டு மைலோ கலக்கிக் கொடுத்தார்.

என் ரப்பர் பூட்ஸை அனுப்புங்கள். அங்கே சிகாமட்டிலும் மழையாமே. நான் ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டது. ஒன்று மட்டும்: வெள்ளம் வந்தால் தண்ணீர் ஏறிய மட்டத்தில் நம் சுவரில் கரியால் கோடு போடுவீர்களே, அதைப் படமெடுத்து அனுப்புங்கள். நான் கவலைப்படுவேன் என்று போன வருடம் போல நாற்காலி வைத்து மறைக்காதீர்கள்.

மகள்,
டிஃபனி