வெயிலில் புளித்த புல்

மே 3, ஞாயிறு

காலையிலேயே லாயத்தின் தகரக் கூரை சுடுகிறது. எங்கள் வயதான பெட்டைக் குதிரை குண்டம்மாவுக்குப் போன மாதம் குளம்புக்குள் வீக்கம் வந்ததிலிருந்து பத்தியம்தான். காய்ந்த புல்லை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அதிலிருக்கும் சர்க்கரை இறங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. குதிரைக்கும் சர்க்கரை ஆகாது, வீட்டுக்காரருக்கும் ஆகாது. இருவரும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

வீட்டுக்காரரின் அக்கா, அதாவது என் அண்ணி, வந்திறங்கினார். பணி ஓய்வாம். "ஒரு மாசம் சும்மா இருக்கப்போறேன். குதிரைப் பக்கம் மட்டும் என்னைக் கூப்பிடாதே, சொல்லிட்டேன்."

மே 6, புதன்

குண்டம்மா புல்லை முகர்ந்தாள், உதட்டைச் சுருட்டினாள், மூக்கால் தள்ளிவிட்டாள். கொழுப்பு!

மே 7, வியாழன்

இன்றும் தொடவில்லை. லத்தி போடுவதும் குறைந்துவிட்டது. குதிரை வயிறு காலியாகக் கிடக்கக்கூடாது. குடல் பிசகினால் உயிருக்கே ஆபத்து. எனக்குக் கை கால் ஓடல. இவளுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? ஊறாத புல்லைக் கொடுத்தால் குளம்பு போகும், கொடுக்காவிட்டால் வயிறு. இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் குழி.

துணி காயப்போட வந்த அண்ணி தூரத்திலேயே மூக்கைப் பொத்தினார். "என்னம்மா இது, இப்படிப் புளிச்ச நாத்தம்? இதை நீ தின்பியா?"

புல் ஊறிய தொட்டிக்குள் கையை விட்டேன். வெந்நீர். மேலே நுரை வேறு. தினம் அதிலேயே உழன்ற என் மூக்குக்கு உறைக்கவே இல்லை.

"நாத்தனாருக்குத்தான் நாத்தம் தெரியும்" என்றார் வீட்டுக்காரர். ஈரத்துண்டால் ஒரு அடி வாங்கினார்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "வெயில் ஏறினதும் மாத்தச் சொல்லியிருக்கணும், எனக்கே விட்டுப்போச்சும்மா. இந்தச் சூட்டுல ஒரு மணி நேரம் போதும், சர்க்கரை சீக்கிரமே இறங்கிடும். நிழல்ல வச்சு, வேளைக்கு வேண்டியதை மட்டும் ஊறப்போடுங்க. நல்ல தண்ணில அலசி உடனே கொடுங்க. மிச்சம் வைக்காதீங்க."

அப்படியே செய்தேன். தின்றாள்! அந்த மொறுக் மொறுக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். கொஞ்சம் அழுதேன் போல.

மே 8, வெள்ளி

சரி, மதிய வேளைக்கு யார் ஊறப்போடுவது? பகலில் நான் வங்கியில், அவர் அச்சகத்தில். இருவரும் அண்ணியைப் பார்த்தோம்.

"பார்க்காதீங்க அப்படி! ... ஊறப்போடறேன். கிட்டப் போகமாட்டேன். தூரத்திலேர்ந்து வீசுவேன்."

மே 12, செவ்வாய்

வீசித்தான் இருக்கிறார். பாதிப் புல் வாசலில், கொஞ்சம் விளக்கின்மேல்.

மே 21, வியாழன்

கண்ணாடியை மறந்துவிட்டு மதியம் வீட்டுக்கு ஓடிவந்தேன். லாயத்தில் பேச்சுக்குரல்.

"மெதுவாத் தின்னு. யாரு பிடுங்கிட்டுப் போறா? எங்க ஆபீஸ் மேனேஜரும் இப்படித்தான், அள்ளி அள்ளி அடைப்பான்."

எட்டிப் பார்த்தேன். அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், என் ரப்பர் பூட்ஸ் அவர் காலில். குண்டம்மா அவர் தோளுக்கு மேலே தலையை வைத்து மெல்லுகிறாள். வாயிலிருந்து தண்ணீர் சொட்டிச் சேலையெல்லாம் ஈரம். துடைக்கக்கூட இல்லை.

பூனை மாதிரி திரும்பிவிட்டேன். கண்ணாடியை எடுக்காமலே.

ஜூன் 9, செவ்வாய்

நேற்று நல்ல மழை. காற்றே குளுகுளுவென்று இருக்கிறது. டாக்டர் வந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தார். "சூடே இல்லை. மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போகலாம்."

அண்ணிக்கு இன்று ரயில். "ஆட்டோ சொல்லட்டுமாக்கா?" என்றார் வீட்டுக்காரர்.

"எதுக்கு? வெயில் தணிஞ்சிருச்சுல்ல. இனிமே எவ்வளவு நேரம் ஊறணும்னு டாக்டரை முதல்ல கேளு" என்று சொல்லிக்கொண்டே கயிற்றோடு லாயத்துக்குப் போனார். அவர் காலடிச் சத்தத்துக்கே குண்டம்மா கனைத்தாள். ஒன்பது வருஷம் தீனி போட்ட எனக்கு ஒரு நாள் கனைத்தாளா? வயிறு எரிகிறது.

இதோ, ஜன்னல் வழியே பார்க்கிறேன். மைதானத்தில் இருவரும் மெல்ல நடக்கிறார்கள். அண்ணி ஏதோ பேசிக்கொண்டே போகிறார்.

ரயில் இந்நேரம் போயிருக்கும்.