மூன்றாவது கொட்டேஷன்

குனோங் ராபாட், ஈப்போ
9 நவம்பர் 2025

அன்புள்ள ரதீசனுக்கு,

அப்பா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பெர்த்தில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். வேலைத்தளத்தில் தண்ணீர் குடிக்க மறக்காதே.

கூரைக்கு வந்த மூன்று கொட்டேஷன்களையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். எடுத்தேன், அனுப்பவில்லை. முக்கியமானது அந்தத் தாள்களில் இல்லை. அதனால்தான் கடிதம். தனியாக இருக்கும்போது படி.

ஒழுக்கு பின்னறையில்தான், உன் மனைவி கௌசிகா படுக்கும் இடத்துக்கு நேர் மேலே. போன மாதம் ஒரு வாளி போதுமாக இருந்தது, இப்போது இரண்டு. கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருக்கிறோம். மூன்று மணிக்கு எதிரே மலை மேகத்தில் மறைந்தால் நாலு மணிக்குள் வாளி வைத்தாக வேண்டும்.

முதலில் வந்தவர் சிலிம் ரிவர்க்காரர் சீனி. ஏணியில் ஏறவே இல்லை. ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓட்டைக் கழட்டவே வேணாம் அங்கிள். மேலேயே தகரத்தைப் போட்டு ஆணி அடிச்சிருவோம். மூணே நாள்லா" என்றார். ஆறாயிரத்து எண்ணூறு ரிங்கிட். கீழே மரம் உளுத்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "உளுத்தது வெளிய தெரியாது அங்கிள்" என்றார். பொய் சொல்லவில்லை, பார்.

இரண்டாவது, டவுனில் உள்ள ஒரு கம்பெனி. இருபத்தோராயிரம். மரம் முழுவதையும் எடுத்துவிட்டு இரும்புச் சட்டம் போடுவார்கள். பத்து வருட உத்தரவாதம். ஆனால் ஐந்தாம் பக்கத்தில் சின்ன எழுத்தில், பக்கத்து வீட்டுக் கூரை சேரும் இடத்தில் ஒழுகினால் அது அவர்கள் பொறுப்பல்ல என்று போட்டிருக்கிறது. வரிசை வீட்டில் பாதி ஒழுக்கு அங்கேதான்.

மூன்றாவது வோங். வயது அறுபத்தெட்டு. ஒரு மணி நேரம் மேலேயே இருந்து, ஒவ்வொரு கைமரத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். ஏழுதான் போயிருக்கிறது, அவற்றை மாற்றி, உடைந்த ஓடுகளுக்குப் புது ஓடு போட்டால் போதும் என்றார். பதின்மூவாயிரத்து நானூறு. பொதுப்பணித்துறையில் முப்பத்தொரு வருடம் அரசாங்க வீட்டுக் கூரைகளைப் பார்த்தவன் நான். அவர் கணக்கு சரி. குறைந்ததைப் பிடி என்று நீ சொல்லியிருந்தாய். இருந்தாலும் திங்கட்கிழமை ஆரம்பிக்கும்படி வோங்கிடம் சொன்னேன், அவரும் கொட்டேஷனில் தேதி போட்டார்.

கிளம்பும் முன் அவர் பின்பக்கக் குழாயில் கை கழுவும்போது, கௌசிகா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தவர், என் பக்கம் திரும்பி எத்தனை மாதம் என்று மலாயில் கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். சிரித்தார். தன் மனைவி ஐந்து பெற்றவள் என்றார். பென்சிலை எடுத்துக் கொட்டேஷனில் இருந்த தேதியை அடித்துவிட்டு, "தா போலே" என்று கையை ஆட்டினார், முடியாதென்று. பிள்ளை பிறக்கும்வரை இந்த வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டாராம். சீனர்கள் வழக்கம்.

நம் வழக்கமும் அதுதானே. நீ வயிற்றில் இருந்தபோது, காலண்டர் மாட்டக்கூட உன் அம்மா என்னை ஆணி அடிக்க விடவில்லை. அவள் உயிரோடு இருந்திருந்தால் முதல் மாதமே கண்டுபிடித்திருப்பாள். தரையில் நின்றே கூரையின் தொய்வைச் சொல்லிவிடுகிற நான், ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் காணவில்லை.

அன்று மாலை கௌசிகாவிடம் நான் கேட்டதையும் அவள் சொன்னதையும் எழுதமாட்டேன். உனக்குச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வோங் சொன்னது கொட்டேஷனோடு சேர்ந்தது, அதை எழுதலாம். போன வருடம் நாலாம் மாதத்திலேயே கரு கலைந்த பிறகு நீங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. ஜூலையில் நீ விமானம் ஏறும்போதும் பேசவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. நானும்தான் பேசவில்லை.

நேற்று சீனி போன் செய்தார். "என்ன அங்கிள், மழைக்கு ஜாதகம் பாக்குறீங்களா? நாளைக்கே வாரேன்லா" என்றார். அவள் தலைக்கு மேல் சுத்தியல் சத்தம் கேட்பதை நினைத்தேன். வேண்டாம் என்றுவிட்டேன்.

மழை முடியும்வரை தாப்பாவில் அவள் அம்மா வீட்டில் இருக்கச் சொல்லிப் பார்த்தேன். "நான் போயிட்டா, அவர் வர்ற நேரம் வீட்டுல யார் மாமா இருப்பா?" என்றாள். 

வோங் செவ்வாய்க்கிழமை வந்து பின்னறைக்கு மேல் நீலக் கான்வாஸ் விரித்து, கயிறும் மணல் மூட்டையும் வைத்துக் கட்டிவிட்டுப் போனார். ஓர் ஆணி இல்லை. காசும் வாங்கவில்லை. காற்றில் கயிறு தளரும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஏறி இறுக்கிக் கட்ட வேண்டும் என்று சொன்னார். என் முழங்காலால் மூன்றாம் படியைத் தாண்ட முடியாது. ஏணி, நீ போகும்போது சாத்தி வைத்த இடத்திலேயே இருக்கிறது.

உன்னையும், இங்கே உனக்காகக் காத்திருப்பவர்கள் எல்லோரையும் பிள்ளையார் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பஞ்சலிங்கம்