மூன்றடி தாழ்ந்த கரை

மெய்ஜி 29 (1896), ஜூன் 3

கிசோ ஆற்றின் இரு கரைகளையும் மட்டக்குழாய் வைத்து அளந்து முடித்தேன். எதிரே ஓவாரி மாகாணம், இந்தப் பக்கம் எங்கள் மினோ. எங்கே அளந்தாலும் எங்கள் கரை மூன்றடி தாழ்வு. தற்செயலா? இவ்வளவு தூரத்துக்கா?

ஊர்த்தலைவர் குஹெய்யிடம் கணக்கைக் காட்டினேன். சிரித்தார்.

"இதுக்கு எதுக்குத் தம்பி கண்ணாடிக் குழாயி? எங்க தாத்தாவே சொல்லுவாரு. ஓவாரி பிரபு கரையவிட நம்மது மூணடி கம்மியாத்தான் இருக்கணும்."

பிரபுக்களை ஒழித்து, மாகாணங்களைக் கலைத்து மாவட்டங்களாக்கி இருபத்தைந்து வருஷம். இவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஜூன் 4

ஒவ்வொரு வீட்டு உத்தரத்திலும் படகு தொங்குகிறது. கரையை உயர்த்தமாட்டார்கள், மிதக்கத் தயார்.

ஜூன் 21

அக்கா வீட்டுக்கு நேரேதான் கரை மிகவும் மோசம். அத்தான் கென்ரோகுவைத் திட்டித் திட்டியே சம்மதிக்க வைத்தேன். நாற்பதடி நீளத்துக்கு, புது மண் பிடிக்கட்டும் என்று கரையின் தலையைக் கொத்திவிட்டு, மண் போட்டு மூன்றடி உயர்த்தினோம்.

"உன் படிப்பு என்னை ஊர்ல தலை காட்ட விடாது மச்சான்" என்றார்.

ஜூலை 2

வெளியூர் வேலை முடிந்து வந்தால் — உயர்த்திய மண்ணை வெட்டி எறிந்துவிட்டார்கள். ஊரே மண்வெட்டியோடு போயிருக்கிறது. அத்தானும்!

"எல்லாரும் போனாங்க மச்சான். நான் மட்டும் வீட்ல உக்காந்திருக்கவா?"

மடையர்கள். எவன் கேட்டான் என் பேச்சை? கொத்திய இடம் பொலபொலவென்று கிடக்கிறது. இடித்துக் கெட்டிப்படுத்துங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். போங்கடா என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9

வெள்ளத்தில் கரை உடைந்துவிட்டது. அந்த நாற்பதடியில்தான்.

செப்டம்பர் 11

அக்காவும் குழந்தையும் படகில் தப்பினார்கள். அத்தான் மண் மூட்டையோடு கரைக்கு ஓடியவர். இன்னும் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 14

கிடைத்தார்.

அக்டோபர் 2

புதுக்கரையின் உயரத்தைக் காட்ட அளவு முளை அடித்தேன், அதன் தலை ஓவாரிக் கரைக்குச் சமமாக. குஹெய் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்டோபர் 3

காலையில் பார்த்தால் முளை சேற்றுக்குள் இறங்கியிருக்கிறது. அளந்தேன். சரியாக மூன்றடி. பக்கத்தில் கிடந்த மரச்சுத்தியல் அத்தானுடையது.

அக்கா கூடையில் சேறு அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆமா, நான்தான் அடிச்சேன். நீ ஒசத்தாம இருந்திருந்தா அங்க ஒடஞ்சிருக்காதுடா."

மறுக்க வாயெடுத்தேன். கொத்தியது நான். இடிக்கச் சொல்லாமல் போனவனும் நான். வேறு எங்கும் உடையவில்லையே?

முளையைப் பிடுங்கவில்லை. அளவுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதினேன்: மூன்றடி தாழ்வு.