பீட்ரூட் சிவப்பு

ஏங்க,

ரசம் இரண்டு பேருக்கு வைத்திருக்கிறேன். உங்கள் ஆபரேஷனுக்குத் தேதி கேட்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

சிறுநீர்ப்பையில் கேன்சர் என்று டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. பாத்ரூமில் சிவப்பைப் பார்த்துக் கேட்டால், "பீட்ரூட் சாப்ட்டேன்ல, அதான்" என்றீர்கள். நானும் நம்பி, ரத்தம் ஊறட்டும் என்று அதையே பொரியல் பண்ணிப் போட்டேனே!

அடி அண்ணாமலை டீக்கடை கோபி அண்ணன் மதியம் வருவார். கதவைத் திறங்கள். அவருக்கும் இதே நோய், இதே ஆபரேஷன்; சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டார்களாம். கிரிவலத்தில் நமக்கு டீ ஆற்றிக் கொடுத்தபோதெல்லாம் சட்டைக்குள் மூத்திரப் பை மாட்டியிருந்தாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்குக் காட்டுவார், முகத்தைத் திருப்பாமல் பாருங்கள்.

சிந்துஜா

பி.கு.: ரத்தம் போனதை வீட்டில் எப்படி மறைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "நானும் பீட்ரூட்னுதாம்மா சொன்னேன்" என்கிறார்! அவர் மேல் கோபமே வரவில்லை. உங்கள் மேல்தான் தீரவில்லை.