சைக்கிள் மேல் வாங்கிய சத்தியம்

வடக்குப்பட்டு
7.9.2014, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலரசிக்கு,

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை காலை எல்லையம்மன் கோயிலில் இருந்தவர்கள், நான், உன் அப்பா, பூசாரி பரசுராமன், உன் பெரியத்தை ஜோதி, அப்புறம் நம் மாடி அறையில் வாடகைக்கு இருக்கிற தூத்துக்குடிப் பெண் செல்லக்கனி, ஆக ஐந்து பேர். செல்லக்கனியை யாரும் கூப்பிடவில்லை, நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவள் கூட்டத்தைப் பார்த்து நேரே வந்துவிட்டாள், இருந்தாள் என்பதால் எழுதுகிறேன். எங்கள் உடம்புக்கு அம்மன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை, உன்னையும் அந்தக் கொரியா தேசத்தில் அவளே பார்த்துக்கொள்ளட்டும். எப்போதும் நலம் கேட்டுவிட்டு ஊர்க்கதை எழுதுகிறவள் இந்தத் தடவை இருந்தவர்கள் பேரை முதலில் எழுதக் காரணம், நடந்ததற்குச் சாட்சி உண்டு என்று நீ நம்ப வேண்டும்.

போன மாதம் செல்லக்கனி அவள் போனில் உன் கம்பெனி ஆட்கள் போட்டிருந்த படங்களைக் காட்டினாள். அந்த உல்சான் ஊரில் ஆற்றை ஒட்டி எவ்வளவு தூரத்துக்குப் பாதை போகிறது, அதில் சைக்கிளுக்கென்று தனியாகச் சிவப்பு வண்ணம் அடித்து விட்டிருக்கிறார்கள், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மூங்கில் தோப்பு, லாரி இல்லை பஸ் இல்லை, என் வயதுக்காரிகள்கூட தொப்பி போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். நம் ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் வண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கியே ஆயுசு போகிற எனக்கு அதைப் பார்க்கவே கண் குளிர்ந்தது. டிரெயினிங் போன எல்லாரும் வாடகை சைக்கிளோடு நிற்கிறார்கள், நீ மட்டும் அவர்கள் பைகளையெல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறாய். நான் ஏன் என்று கேட்டதற்கு செல்லக்கனி, எழிலக்காவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதாம்லா, அங்க எல்லாரும் கேலி பண்ணி எழுதிருக்காவ பாருங்கத்தை என்றாள். அன்றைக்கு ராத்திரி உனக்கு போன் பண்ணி ஏன்டி நீ மட்டும் ஓட்டவில்லை என்று கேட்டேன். கால் வலிம்மா என்றாய். எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும், இரண்டு பேரும் அதோடு விட்டுவிட்டோம். ஏரிக்கரை மேல் கையை விட்டு ஓட்டிய பெண் ஓட்டத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு ஊரான் பையைச் சுமந்து நிற்கிறாள், அப்படி நிற்க வைத்தவள் நான். அதற்கப்புறம் விளக்கேற்றும்போது அம்மன் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

என் நோட்டில் இருக்கிறது, 2007 ஆடி இரண்டாம் வெள்ளி. நீ பிளஸ் டூ. அதற்கு முதல் வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்தார்கள். பெரியத்தை வந்து, உம் பொண்ணு ஏரிக்கரையில சைக்கிள் கத்துக்கினு கீறா மாதிரி நடிச்சிக்கினு கீது, ஒரு பையன் சீட்டைப் புடிச்சிக்கினு பின்னாலயே ஓடறான், நல்லா வளத்த போ என்று வாசலிலேயே நின்று சொன்னார்கள். நான் உன்னை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நேரே கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், பூசாரி, உன் அப்பா, பெரியத்தை எல்லார் எதிரிலும் இனிமேல் ஆயுசுக்கும் சைக்கிள் சீட்டில் உட்கார மாட்டேன் என்று சூடம் அடித்துச் சத்தியம் பண்ண வைத்தேன். நான் இல்லம்மா, நான் இல்லம்மா என்று இரண்டு தடவை சொன்னாய். அப்புறம் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு அழாமல் வீட்டுக்கு வந்தாய். நான் தேங்காய் எண்ணெய் தடவ வந்தபோது கையை இழுத்துக்கொண்டாய்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரியாததை இப்போது எழுதுகிறேன், பேனா நகரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஒன்பதாம் நாள் பெரியத்தை மோர் வாங்க வந்தவர்கள், இன்னா கனகம், அன்னிக்கு நான் பாத்தது நம்ம எழிலு இல்லடி, செங்கல் சூளைக்கு வந்திருக்காங்களே அவங்க வூட்டுப் பொண்ணு, கூட ஓடனது அதோட அண்ணன்காரன், ஒரே யூனிபாரம் போட்டுக்கினு கண்ணை ஏமாத்திடுச்சி என்றார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? உன்னைக் கூப்பிட்டுத் தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பெரியத்தையிடம், சரி விடுங்க அண்ணி, யார்கிட்டயும் சொல்லாதீங்க, நடந்தது நடந்துபோச்சி என்று சொல்லி மோரை ஊற்றிக் கொடுத்தேன். அதற்கப்புறம் நீ நாலு கிலோமீட்டர் போக, நாலு கிலோமீட்டர் வர, நடந்துதான் போனாய். உனக்குச் சோறு கட்டின நாளையெல்லாம் நோட்டில் குறிக்கிற பழக்கம் எனக்கு. போன வாரம் பழைய நோட்டை எடுத்து எண்ணினேன். நூற்று முப்பத்தெட்டு நாள். சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது.

பெற்றவள் பிள்ளையிடம் தப்பு என்று சொல்லக்கூடாது என்கிற கர்வம் ஒன்று. அது மட்டும் இல்லை. பெரியத்தை சொல்வதற்கு நாலு மாதம் முன்பே ஒரு சாயங்காலம் நான் ஆட்டைத் தேடிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தேன். நீ இரண்டு கையையும் விட்டுவிட்டு, சடை அவிழ்ந்து பறக்க, என்னமோ பாடிக்கொண்டு போனாய். எழிலு எழிலு என்று மூன்று தடவை கூப்பிட்டேன், காதில் விழவில்லை, போய்க்கொண்டே இருந்தாய். அன்றைக்கு ஆட்டைத் தேடாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பெண் கெட்டுப்போவாள் என்று பயந்ததாக ஊருக்குச் சொன்னேன், உன் அப்பாவுக்கும் சொன்னேன். உண்மையில் நீ எங்களை விட்டுப் போய்விடுவாய் என்றுதான் பயந்தேன் கண்ணு. பெரியத்தை சொன்னது எனக்கு ஒரு சாக்காகக் கிடைத்தது, அவ்வளவுதான். சைக்கிளைப் பிடுங்கி வைத்தேன், நீ ஏரோப்பிளேனில் போய்விட்டாய்.

பரசுராமனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், சத்தியம் பண்ண புள்ள மேல ஒண்ணும் இல்லம்மா, தெரிஞ்சும் மூடி வச்சீங்களே அதுக்குத்தான் ஆத்தா உங்களைக் கேப்பா, அன்னிக்கு இருந்தவங்களை இட்டுக்கினு வந்து அவங்க எதிர்ல வாயால சொல்லுங்க, அப்பறம் சூடம் ஏத்துவோம், இந்த வாட்டி யாரும் அடிச்சி அணைக்கக் கூடாது, அதுவா அடங்கணும், அடங்கிட்டா சத்தியத்தை ஆத்தா எடுத்துக்கினான்னு அர்த்தம் என்றார். அப்படித்தான் வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடினோம். நான் பெரியத்தை தப்பாகப் பார்த்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தேனோ இல்லையோ, என் தலையில போட்டுட்டு நீ நழுவப் பாக்கறியா, நான்தான் ஒம்போதாம் நாளே வந்து சொல்லிட்டனே, வாயை மூடுன்னவ நீதானே என்று பெரியத்தை கத்தினார்கள். ஆமாம் அண்ணி, நீங்கள் சொன்னீர்கள், மறைத்தது நான் என்றேன். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவருக்குத் தெரியாது. மிச்சத்தையும் சொன்னேன், ஏரிக்கரையில் பார்த்ததையும் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை.

பூசாரி சூடத்தை ஏற்றினார். ஒரே காற்று. உன் அப்பா தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் தடுப்பு மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். செல்லக்கனி, மாமா துண்டுல தீப்பிடிச்சிரப் போவுது, அப்புறம் அதுக்கு வேற ஒரு சத்தியம் பண்ணணும் என்றதும் பெரியத்தைகூடச் சிரித்துவிட்டார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை. சூடம் சின்னதாகி, நீலமாகி, தானே அடங்கியது. குங்குமம் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் நின்று உன் அப்பா, எட்டு மாசம் புள்ள வெயில்ல நடந்துகினு போச்சி கனகம், நானும் பாத்துக்கினுதானே இருந்தேன், அது ஒரு வார்த்தை கேக்கலியே என்றார். அதற்கப்புறம் இரண்டு நாளாகத் தானே சோறு போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். கடிதம் எழுதப் போகிறேன் என்றபோது மட்டும், எல்லாத்தையும் எழுது, உனக்குத் தோதா சுருக்காத என்றார்.

ஆகவே எழிலு, உன் சத்தியம் எடுத்தாயிற்று. அந்தக் குங்குமத்தை மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். நீ தீபாவளிக்கு வருவதற்கு முன் இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்தால் மூன்று நாலு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருக்கும். ஓட்ட ஆசை இருந்தால் ஓட்டு. ஏழு வருஷம் விட்டுப்போனது, முதலில் கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டு. அங்கே வலப்பக்கம்தான் போக வேண்டும் என்று செல்லக்கனி சொல்கிறாள், மறந்துபோய் நம் ஊர் மாதிரி இடப்பக்கம் ஏறிவிடாதே. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள், சக்கரத்தில் மாட்டும். குளிர்காற்று ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொள். ஓட்ட மனசு வரவில்லை என்றால் அதுவும் உன் இஷ்டம், இனி அதில் நான் தலையிட மாட்டேன். அம்மன் என்னைப் பொறுத்துக்கொண்டாள் என்று பூசாரி சொல்கிறார். நீ பொறுத்துக்கொண்டதாக நானே நினைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, அதனால்தான் கேட்கிறேன். நீ நூறு வயது நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எங்கே போனாலும் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். போனில் உன் அப்பா ஸ்பீக்கர் போட்டுவிடுவார், நீயும் எனக்காக நல்லதாக ஏதாவது சொல்லிவிடுவாய், ஆகவே போனில் வேண்டாம். கோபம் என்றால் கோபம் என்றே எழுது, திட்டினாலும் பரவாயில்லை. சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. கனகம்