நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை, சித்தி

இந்தத் தாள் வேறு யார் கையிலாவது கிடைத்தால், தயவுசெய்து எங்கள் வீட்டில் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அப்பாவிடம்.

தினமும் எனக்குத் தலை பின்னிவிட்டு, "என் மூத்த பொண்ணு" என்று சொல்லிக்கொண்ட சித்திக்கு,

உங்கள் படத்துக்கு மாலை போட்டாயிற்று. சித்தப்பா காவலில் இருக்கிறார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: ஒரு வார்த்தை வெளியே சொல்லியிருக்கக் கூடாதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் சொன்னீர்கள் சித்தி. என்னிடம்தான் சொன்னீர்கள்.

அந்த கிளினிக் நினைவிருக்கிறதா? உங்கள் உதடு கிழிந்திருந்தது, ஒரு கண் திறக்கவே இல்லை. டாக்டருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு ஆங்கிலம் வராது. மொழிபெயர்க்க என்னைப் பள்ளிச் சீருடையோடு கூட்டிப்போனார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. சித்தப்பா போன் பேச வெளியே போனதும் என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள்.

"உன் சித்தப்பாதான் அடிக்கிறாருன்னு சொல்லு கண்ணு. வீட்டுக்குப் போகவே பயமா இருக்குன்னு சொல்லு."

சுவரோரம் அப்பா நின்றார். தன் தம்பிக்காக என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். நீங்கள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் வலி மாத்திரை எழுதினார்.

"சொல்லிட்டியா?" என்றீர்கள், வெளியே வந்ததும்.

"சொல்லிட்டேன் சித்தி."

"அப்ப யாராவது வருவாங்க."

அதை நம்பிப் பாஸ்போர்ட்டையும் இரண்டு புடவையையும் தேக்கா மார்க்கெட்டுக்குக் காய் வாங்கக் கொண்டுபோகும் பையில் போட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தீர்கள். லிப்ட் திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சன்னல் வழியே எட்டிப் பார்த்தீர்கள். ஏன் இன்னும் வரவில்லை என்று ஒருநாள் கேட்டபோது, கணக்குப் போடுவதுபோல் குனிந்துகொண்டேன். நான்கு மாதம் காத்திருந்தீர்கள். பிறகு சித்தப்பா தள்ளியதில் உங்கள் தலை சுவரில் மோதியது.

தப்பு என்மேல்தான். ஆனால் நானும் கேட்கிறேன். கிழிந்த உதட்டோடு வந்தவரைத் தனியாக உட்காரவைத்துப் பேச ஓர் அறை இல்லையா? தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவர் போனில்கூடவா கிடைக்கவில்லை? அடித்தவருடைய அண்ணனை உள்ளே நிற்கவிட்டு, ஒரு பிள்ளையிடம் கேட்டால் போதும் என்று யார் முடிவு செய்தது? விசாவுக்குக் கணவர் கையெழுத்துப் போட்டால்தான் இந்த நாட்டில் இருக்கலாம் என்றால், கல்யாணமாகி இங்கே வந்தவள் எங்கே ஓடுவாள்? நம் அடுக்குமாடி புளோக்கின் லிப்ட் பக்கத்தில் நான்கு மொழிகளில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், உதவி கேளுங்கள் என்று. கேட்டால் காது கொடுப்பது யார் என்று ஒரு மொழியிலும் இல்லை.

நாளை காலை போலீஸ் அதிகாரி என்னிடம் வாக்குமூலம் வாங்குகிறார். "கிளினிக்ல சொன்னதையே சொல்லு லா, போதும்" என்கிறார் அப்பா. "போனவ போயிட்டா, இருக்கறவனையாவது பாரு."

பயமாக இருக்கிறது. சொன்ன பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன ஆகும்? பள்ளி ஆலோசகரிடம் இரண்டு விஷயம் மட்டும் கேட்டிருக்கிறேன். வாக்குமூலம் வாங்கும் அறைக்குள் அப்பா வரக்கூடாது. தமிழ் தெரிந்தவர் இருக்க வேண்டும். நீங்கள் என் கையைப் பிடித்துச் சொன்னதைத் தமிழிலேயே, ஒரு சொல் குறையாமல் சொல்வேன். சத்தியம் சித்தி.

உங்கள் மூத்த பொண்ணு

கதவைத் தட்டுகிறார். அப்பாதா—