படகை விற்கவில்லை, டிரெய்லரைத்தான் திருத்தினோம்

அன்புள்ள ரீஸுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், ஹாவ்லாக்கில் வெயிலும் சுகம். அங்கே பெர்கன் மழையில் நீயும் இங்கிரிடும் பூசணம் பிடிக்காமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அடுத்ததை ஆரம்பித்துவிடுகிறாய், அப்பாவின் பிள்ளைதானே. கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. படகு விற்றாயிற்றா என்று கேட்டாய். விற்கவில்லை. கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மனிதர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால் நெல்சன் ஊர்க்காரர் ஒருவரிடம் படகு வாங்கப் பேசியிருக்கிறேன் என்று அவர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. விற்றவர் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற தன் டிரெய்லரில் கொண்டுவந்து நம் கரையில் தண்ணீரில் இறக்கிக் கொடுத்துவிட்டு, டிரெய்லரோடு திரும்பிப் போய்விட்டார். நம்மிடம்தான் பழைய டிரெய்லர் இருக்கிறதே என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. அது நம்முடைய பழைய அலுமினியப் படகுக்கு வாங்கியது. பேரன் சட்டையைத் தாத்தாவுக்கு மாட்டினால் வயிறு வெளியே நிற்குமே, அந்த மாதிரி, அதில் ஏற்றியதும் இந்தப் படகின் பின்பக்கம் டிரெய்லரைத் தாண்டித் தொங்கிற்று. எஞ்சின் இருப்பதும் அந்தப் பக்கம்தான். நான் காட்டினேன். ரெண்டு சாண்தானே ரேவின், வீடு இந்தா இருக்கு என்றார். பாலத்துக்கு முந்தின வளைவில் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தது. இடது பக்கம், வலது பக்கம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. எதிரே மரம் ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. அப்பா பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தார். லாரி எங்களை உரசாத குறையாகப் போயிற்று. வீடு வரைக்கும் மாட்டு வண்டி வேகத்தில் வந்தோம். படகுக்குத் தார்ப்பாய் போட்டு மூடியவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த வளைவுக் கதையை உன்னிடம் சொன்னது நான்தான், தப்பு என்னுடையதுதான். நீ உடனே பெரிய மனிதன்போலப் போன் போட்டு, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா படகு, வித்துடுங்க என்றாய். அவர் சரி என்றார். அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று. வெயில் அடிக்கிறது என்று நான் சொன்னால்கூட அது வெயில் இல்லை, மேகம் விலகியிருக்கு என்று வாதாடுகிற மனிதர், பிள்ளை சொன்னதற்கு மறுபேச்சில்லாமல் சரி என்கிறார்.

போன வாரம் துணி உலர்த்தப் போனேன். டிரெய்லருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அசைவில்லை. அலஸ்டர் என்று கூப்பிட்டேன், பதிலில்லை. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். மறுபடி கூப்பிட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. படகைத் தாங்குற நடு உருளை, இந்த ரோலர், அதைத் தொடவே இல்ல, சும்மா நிக்குது, பாரம் பூரா ஓரப் பலகையிலதான் என்றார். நான் அப்படியே புல்லில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் சொல்லி அழுதேன். அவர் ஊர்ந்து வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்னிக்கி நான் மட்டும் கார்ல இருந்திருந்தா எனக்கு ஒண்ணுமே தோணியிருக்காது, நீ பக்கத்துல உட்கார்ந்திருந்த, அதான் விக்கிறதுக்குச் சரின்னேன் என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு நீளமாக அவர் மனதைத் திறந்து பேசியது எனக்கு நினைவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்ப எந்திரிச்சு டிரெய்லரைச் சரி பண்ணுங்க, இல்லாட்டி அந்த நெல்சன்காரர்கிட்டயே போய்க் குடியிருங்க என்றேன்.

அவர் இன்னும் கனம் தூக்கக் கூடாதே. அதனால் ஸ்பேனர் எனக்கு, அதிகாரம் அவருக்கு. டிரெய்லரைக் காலியாக்குவதற்காகப் பக்கத்து வீட்டு ஹெமி தன் லாரியில் படகை மெதுவாகக் கொண்டுபோய்த் தண்ணீரில் கட்டி வைத்தான். அப்பா பழப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, ராஜா மாதிரி நீட்டிய விரலை மடக்கவில்லை. படகின் மூக்கு வந்து முட்டுகிற, கயிற்றைச் சுற்றிப் படகை இழுக்கிற வின்ச் இருக்கும் கம்பத்தை முன்னால் தள்ளினோம், அப்போதுதான் படகு முழுசாக டிரெய்லருக்குள் வரும். அது உட்காருகிற பலகைகளை எடுத்துவிட்டுப் பின்பக்கம் வரைக்கும் எட்டுகிற நீளமான பலகை போட்டுக் கம்பளம் சுற்றினோம். உன் பழைய அறைக் கம்பளம்தான், கேட்காதே. நடு ரோலர்களை, எல்லாமே படகின் அடிமரத்தைத் தொடும்படி உயர்த்தினோம். படகை ஏற்றிக் கொண்டுவந்ததும், காரில் மாட்டுகிற முனை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கணும் என்றார். லேசாக இருந்தால் வாலாட்டும், கனத்தால் காரின் பின்பக்கம் தரையில் உட்காரும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கணும், ஏறக்குறைய உன் எடை என்றார். என் எடை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். குளியலறை எடைக்கருவியைக் கொண்டுவந்து முனையை அதன்மேல் வைத்தோம். முள் வெகுதூரம் போயிற்று. அப்பா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. புத்திசாலி. ஹெமி சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி படகை இறக்கிக் கொடுத்தான். டிரெய்லர் சக்கரங்களைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி இறுக்கினேன். அடுத்த தடவை முள் சரியாக நின்றது. ரேவின் அக்கா, நீங்க என் பட்டறைக்கு வேலைக்கு வந்துடுங்க என்றான் ஹெமி.

சனிக்கிழமை காலையில் போனோம். சாவியை அப்பா என்னிடம் நீட்டினார், நான் வாங்கிக்கொண்டு ஓட்ட உட்கார்ந்தேன். அந்த வளைவு வந்ததும் அவர் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்தார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். தாய்ப்பசுவின் பின்னால் கன்று வருவதுபோல டிரெய்லர் ஆடாமல் வந்தது. பாலம் தாண்டியதும் அவர் கையை எடுத்துவிட்டு, கியரை இப்படியா போடுவாங்க, எஞ்சின் அழுவுது பாரு என்றார். அவரை எத்தனை நாள் கழித்து இப்படிக் கேட்கிறேன் தெரியுமா, அந்த சந்தோஷத்தில் அடுத்த கியரை இன்னும் மோசமாகப் போட்டேன். கரையில் படகு ஒற்றைக் கைத் தள்ளலில் தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு நீலக் காட் மீன்கூடச் சிக்கவில்லை. சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு, வெயிலில் முகம் சிவந்து திரும்பினோம்.

இங்கிரிடுக்கு என் அன்பைச் சொல். நீ தலைக்குக் குல்லா போடு, முடி இருக்கிறவர்களுக்கே குளிர் தாங்காது. கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். அப்பாவுக்கு எழுதும்போது விற்பதைப் பற்றிப் பேசாதே, மீன் கிடைத்ததா என்றும் கேட்காதே. இன்னொன்று. படகைத் திரும்ப டிரெய்லரில் ஏற்ற வின்ச்சைச் சுற்றுகிறது இப்போதைக்கு நான்தான். தோள்பட்டை வலிக்கிறது. டிக்கெட் விலை குறையும்போது வந்து, ஒரு தடவையாவது நீ சுற்று.

என்றும் உன் அன்பு
அம்மா